முயல் படம் இல்லாத லிப்ஸ்டிக்: விலங்குச் சோதனைத் தடை எதைத் தடுக்கிறது?

போன மாதம் அக்கா மகளோடு கல்யாணத்துக்குச் சாமான் வாங்கப் போயிருந்தேன். கையில் எடுத்த லிப்ஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், மறுபடி தட்டிலேயே வைத்துவிட்டாள். "இதுல முயல் படம் இல்ல சித்தி. அப்போ முயல் மேல போட்டுப் பார்த்திருப்பாங்க." பக்கத்திலேயே, நாலு மடங்கு விலையில், முயல் படம் போட்ட வெளிநாட்டு லிப்ஸ்டிக் ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டாள்.

அவள் வைத்துவிட்டு வந்தது இந்தியாவில் தயாரானது. அழகுசாதனப் பொருட்களை விலங்குகள் மேல் சோதிப்பதற்கு இந்தியாவில் 2014 முதல் தடை இருக்கிறது. பெட்டியில் முயல் படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தடை தடைதான். இதைச் சொன்னதும் அவள் நேர் எதிர்ப்பக்கம் தாவினாள்: "அப்போ நம்ம ஊர்ல விக்கிற எதையுமே விலங்கு மேல சோதிச்சதே இல்லையா?"

அதுவும் சரியில்லை. இந்த விஷயத்தைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் கேட்கிறேன். ஒன்று, 'எல்லாமே முயலைக் கொன்று செய்தது'. இல்லையென்றால், 'தடை வந்துவிட்டது, எல்லாம் சுத்தம்'. சட்டம் என்ன சொல்கிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

எதற்காகச் சோதித்தார்கள்?

வீட்டில் ஹேர் டை பாக்கெட் இருந்தால் எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும். சிலருக்கு இது தோல் எரிச்சல் தரலாம், முதலில் கொஞ்சம் பூசிச் சோதித்துக்கொள்ளுங்கள். கண் இமை முடிக்கோ புருவத்துக்கோ பூசாதீர்கள், பார்வை போகக்கூடும் என்பது அதன் சாரம். ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் இதை அச்சிட வேண்டும் என்பது இந்திய விதி.

புருவத்தில் டை பூசினால் பார்வை போகுமா, ரொம்ப மிகைப்படுத்துகிறார்களே என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். 1933வாக்கில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்று ஒரு கண் இமைச் சாயம் விற்பனையானது. இன்றும் பல ஹேர் டைகளில் இருக்கும் பிபிடி வகை வேதிப்பொருள்தான் அதிலும் இருந்தது. அதைப் போட்டுக்கொண்ட பல பெண்களின் கண்கள் கெட்டன, சிலருக்குப் பார்வையே போனது, ஒருவர் இறந்தார். கடையிலிருந்து அதை அப்புறப்படுத்த அரசிடம் சட்டமே இல்லை. அப்போதிருந்த 1906ஆம் ஆண்டுச் சட்டம் உணவையும் மருந்தையும் மட்டுமே கட்டுப்படுத்தியது. அழகுசாதனப் பொருட்களைக் கட்டுக்குள் கொண்டுவந்த அமெரிக்கச் சட்டம் 1938இல்தான் வந்தது. அதில் உள்ள எச்சரிக்கை வாசகத்தையும் நம் ஊர் டை பாக்கெட்டில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் பெரிதாக வித்தியாசம் தெரியாது.

சரி, பாதுகாப்பானதா என்று பார்த்தாக வேண்டும். யார் கண்ணில் போட்டுப் பார்ப்பது? 1944இல் ஜான் டிரெய்ஸ் என்ற அமெரிக்க அரசு விஞ்ஞானியும் அவரது சகாக்களும் ஒரு முறையை வெளியிட்டார்கள். வெள்ளை முயலின் கீழ் இமையை லேசாக இழுத்து, அந்தப் பைக்குள் 0.1 மில்லிலிட்டர் பொருளை விடுவார்கள். மற்ற கண்ணை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டுவிடுவார்கள். அப்புறம் நாள்கணக்கில் கண் சிவக்கிறதா, வீங்குகிறதா, கருவிழியின் மேல் படலம் மங்குகிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். முயலால் கண்ணைத் தேய்த்துக்கொள்ள முடியாதபடி, தலை மட்டும் வெளியே தெரியும் பெட்டியில் அடைத்து வைப்பதும் உண்டு. இதுதான் டிரெய்ஸ் சோதனை. முயலைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணங்கள், அது சாது, மலிவு, கண் பெரிது.

முயல் கண்ணும் மனிதக் கண்ணும் ஒன்றா என்றால், இல்லை. முயலுக்கு மூன்றாவது இமை உண்டு. கண்ணீர் சுரப்பதும் நம்மைவிடக் குறைவு. போதாக்குறைக்கு, ஒரே பொருளுக்குப் பல ஆய்வகங்கள் வெவ்வேறு மதிப்பெண் போட்டதை 1971இல் ஓர் ஆய்வு காட்டியது. எனவே இந்தச் சோதனை மீது வந்த குறை இரக்கம் சார்ந்தது மட்டும் இல்லை. அளவுகோலே ஆடுகிறது என்று விஞ்ஞானிகளும் சொன்னார்கள்.

1980 ஏப்ரலில் ஹென்றி ஸ்பைரா என்ற செயற்பாட்டாளர் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, அழகுக்காக எத்தனை முயல்களைக் குருடாக்குகிறீர்கள் என்று ரெவ்லான் நிறுவனத்தைப் பெயர் சொல்லிக் கேட்டார். அந்த ஆண்டே அந்த நிறுவனம் மாற்று முறை ஆராய்ச்சிக்காக ராக்பெல்லர் பல்கலைக்கழகத்துக்கு 7.5 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. மாற்றுச் சோதனை என்பது ஒரு தனி ஆராய்ச்சித் துறையாக வளரத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: மனிதர்களுக்குக் கண் போனதால் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாதுகாப்பைக் காட்ட விலங்குச் சோதனை வந்தது. அந்தச் சோதனையை நிறுத்தும் சட்டம் அதற்குப் பின்னால் வந்தது.

சாம்பாரா, பருப்பா?

தடைச் சட்டத்தைப் படிக்கும்போது முதலில் பிரித்துக்கொள்ள வேண்டிய இரண்டு சொற்கள், முழுத் தயாரிப்பு, மூலப்பொருள். சாம்பார் கொதித்து இறக்கியபின் ஒரு துளி கையில் விட்டு ருசி பார்க்கிறோமே, அது முழுத் தயாரிப்பைச் சோதிப்பது. பருப்பு வாங்கும்போதே கடையில் நாலு மணியை வாயில் போட்டு மென்று பார்ப்பது மூலப்பொருளைச் சோதிப்பது.

கிரீம், ஷாம்பூ, லிப்ஸ்டிக் செய்யும் நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் மூலப்பொருட்களைத்தான் புதுப்புது விகிதத்தில் கலக்கின்றன. ஒவ்வொரு பருப்பும் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிட்டால், சாம்பாருக்காக இன்னொரு விலங்கு தேவையில்லை. ஆகவே முழுத் தயாரிப்பைச் சோதிப்பதை நிறுத்துவது சுலபமாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2004 செப்டம்பர் 11 முதல் அதைத் தடை செய்தது. மூலப்பொருட்களுக்கான தடை 2009 மார்ச் 11இல் வந்தது.

ஆகவே ஒரு பெட்டியில் 'இந்தத் தயாரிப்பை விலங்குகள் மேல் சோதிக்கவில்லை' என்று மட்டும் போட்டிருந்தால், அது சாம்பாரைப் பற்றிய வாக்கியம். பருப்பைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

திருடுவது, திருட்டு நகையை வாங்குவது

அடுத்தது, சோதனைத் தடையும் விற்பனைத் தடையும். திருடுவது குற்றம். திருட்டு நகை என்று தெரிந்தே வாங்குவது தனிக் குற்றம். முதலாவதை மட்டும் தடுத்தால் திருடன் பக்கத்து ஊரில் திருடிவிட்டு இங்கே வந்து விற்பான். 'எங்கள் நாட்டில் சோதிக்கக் கூடாது' என்பது சோதனைத் தடை. 'எங்கே சோதித்திருந்தாலும் இங்கே விற்கக் கூடாது' என்பது விற்பனைத் தடை.

பிரிட்டன் 1998இலேயே சோதனையை நிறுத்தியது, ஆனால் வெளியே சோதித்துக் கொண்டுவந்த பொருளை அது அப்போது தடுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் இரண்டையும் சட்டமாக்கியது. விற்பனைத் தடையின் பெரும்பகுதி 2009இல் நடைமுறைக்கு வந்தது, மீதி 2013 மார்ச் 11இல்.

இந்தியாவிலும் இரண்டும் இருக்கின்றன. 2014 மே மாதம் சோதனைத் தடை அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் முதல், விலங்குகள் மேல் சோதித்த அழகுசாதனப் பொருளை இறக்குமதி செய்யவும் தடை. இந்திய விதியின் வாசகம் சின்னது, அழகுசாதனப் பொருளைச் சோதிக்க எவரும் எந்த விலங்கையும் பயன்படுத்தக் கூடாது, அவ்வளவுதான். மூலப்பொருளும் இதில் அடங்குமா? நம் சட்டத்தில் 'அழகுசாதனப் பொருள்' என்பதற்கான விளக்கத்திலேயே, அதில் சேர்ப்பதற்கென்று உள்ள பொருளும் அடங்கும் என்று இருக்கிறது. பருப்பையும் சாம்பார் என்று எழுதிவைத்த சட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பா ஏன் 2013 வரை இழுத்தது?

மாற்று வழி கிடைத்த சோதனைகளை முதலில் மூடினார்கள், கிடைக்காதவற்றுக்குத் தவணை கொடுத்தார்கள். மாற்று வழி எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்றை மட்டும் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

அறுவை சிகிச்சையில் நீக்கிய, தானமாகப் பெற்ற மனிதத் தோலிலிருந்து செல்களைப் பிரித்து, சின்னக் கிண்ணத்தில் அடுக்கடுக்காக வளர்ப்பார்கள். கீழ்ப்பக்கம் ஊட்டத் திரவம், மேல்பக்கம் காற்று. சில வாரங்களில் சட்டைப் பொத்தான் அளவுக்கு உண்மையான மேல்தோல் போலவே ஒரு வில்லை கிடைக்கும். சோதிக்க வேண்டிய பொருளை அதன்மேல் தடவி, குறிப்பிட்ட நேரம் விட்டுக் கழுவுவார்கள். 42 மணி நேரம் கழித்து அந்த வில்லையை எம்டிடி என்ற மஞ்சள் கரைசலில் வைப்பார்கள். உயிரோடு இருக்கும் செல் அந்த மஞ்சளை ஊதாவாக்கும். செத்த செல்லால் முடியாது. எவ்வளவு ஊதாவோ அவ்வளவு உயிர். எதுவும் கெடுதல் செய்யாத திரவம் தடவிய வில்லையோடு ஒப்பிடும்போது, பிழைத்த செல்கள் 50 சதவீதத்துக்கு மேல் இல்லையென்றால் அந்தப் பொருள் எரிச்சல் தருவது என்று முடிவு. மதிப்பெண் போடுகிறவரின் கண்பார்வையை நம்ப வேண்டியதில்லை, ஊதாவின் அடர்த்தியைக் கருவியே அளந்து சொல்லிவிடும்.

கண்ணுக்கு இன்னொரு வழி இருக்கிறது. கசாப்புக் கூடத்தில் உணவுக்காக வெட்டிய மாட்டின் கண்ணிலிருந்து கருவிழிப் படலத்தை எடுத்து, பொருளை ஊற்றி, ஒளி எவ்வளவு ஊடுருவுகிறது என்று அளப்பார்கள். இதை 'விலங்கில்லாச் சோதனை' என்று சொல்லலாமா என்று கேட்டால் நான் கொஞ்சம் தயங்குவேன். சோதனைக்காக ஒரு விலங்கைக் கொல்லவில்லை என்பது மட்டும் உண்மை.

இவையெல்லாம் தோல், கண் என்று ஓரிடத்தில் நடக்கும் பாதிப்புக்குச் சரி. ஒரு பொருள் தோல் வழியே ரத்தத்தில் கலந்து, மாதக்கணக்கில் கல்லீரலை என்ன செய்யும், கருவில் உள்ள குழந்தையை என்ன செய்யும் என்பதை ஒரு தோல் வில்லையால் சொல்ல முடியாது. உடல் முழுவதும் சம்பந்தப்பட்ட இந்தச் சோதனைகளுக்குத்தான் 2013 வரை தவணை. அந்தத் தேதி வந்தபோதும் முழு மாற்று கைக்கு வரவில்லை. இருந்தும் ஐரோப்பா கதவை மூடியது. அது சரியான முடிவு என்பது என் கருத்து. கதவு திறந்தே இருந்திருந்தால் மாற்று முறைகளுக்குப் பணமும் வந்திருக்காது, அவசரமும் வந்திருக்காது.

கொஞ்சம் நின்று பார்ப்போம். எதைச் சோதிக்கிறோம் என்பதில் இரண்டு வகை, தயாரிப்பும் மூலப்பொருளும். எதைத் தடுக்கிறோம் என்பதில் இரண்டு வகை, சோதனையும் விற்பனையும். ஒரு நாடு 'தடை செய்துவிட்டது' என்று செய்தி வந்தால், இந்த நாலில் எது எது என்று கேட்க வேண்டும். இனிமேல் வருவதுதான் பலரும் தடுக்கி விழும் இடம்.

ஒரே கம்பி, இரண்டு கட்டணம்

வீட்டு மின் இணைப்பில் கடை நடத்தினால் மின்வாரியம் அபராதம் போடும். அதே கம்பம், அதே கம்பி, அதே மின்சாரம். எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்பதை வைத்துத்தான் கட்டணம் மாறுகிறது.

விலங்குச் சோதனைத் தடையும் இப்படி 'எதற்காக' என்ற சொல்லில் தொங்குகிறது. கிளிசரின் இருமல் மருந்திலும் இருக்கிறது, சோப்பிலும் இருக்கிறது, முகக் கிரீமிலும் இருக்கிறது. அழகுசாதனச் சட்டம் தடுப்பது, அழகுசாதனத்துக்காகச் செய்யும் சோதனையை. மருந்துக்காகவோ பெயின்டுக்காகவோ அதே பொருளை வேறொருவர் எலி மேல் சோதித்தால் இந்தச் சட்டம் அங்கே எட்டாது.

ஐரோப்பாவில் இது பெரிய வழக்காகவே ஆனது. அங்கே 'ரீச்' என்று ஒரு வேதிப்பொருள் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. ஆண்டுக்கு ஒரு டன்னுக்குமேல் தயாரிக்கும் அல்லது இறக்குமதி செய்யும் வேதிப்பொருளைப் பதிவு செய்து, அதன் ஆபத்துகள் பற்றிய தகவலைக் கொடுக்க வேண்டும். ஹோமோசலேட் என்பது சன்ஸ்கிரீனில் சேர்க்கும் பொருள். அங்கே அதைப் பதிவு செய்திருந்தது அழகுசாதனப் பயன்பாட்டுக்கு மட்டும். ஆனாலும் ஐரோப்பிய வேதிப்பொருள் முகமை விலங்குச் சோதனை கேட்டது. காரணம், அந்தப் பொருளைத் தொழிற்சாலையில் கையாளும் தொழிலாளர்களின் பாதுகாப்பு. அழகுசாதனச் சட்டம் தடுக்கிறதே என்று சிம்ரைஸ் என்ற ஜெர்மானிய நிறுவனம் வாதாடியது. 2020இல் முகமையின் மேல்முறையீட்டுக் குழு அதை ஏற்கவில்லை. 2023 நவம்பரில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றமும் ஏற்கவில்லை. பூசிக்கொள்கிறவருக்காக என்றால் தடை, கலக்கிறவருக்காக என்றால் தடையில்லை. தொழிலாளியின் பாதுகாப்பு என்பது லேசான வாதம் இல்லைதான். ஆனால் தடை வந்தபோது கைதட்டிய யாரும் இப்படி ஒரு வழி இருக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

பிரிட்டனில் இதே காரணத்தைச் சொல்லி 2019 முதல் சில சோதனைகளுக்கு மறுபடி அனுமதி தந்தார்கள். விஷயம் வெளியே வந்து நீதிமன்றம் வரை போனபின், அழகுசாதனத்துக்கு மட்டுமே பயன்படும் பொருட்களுக்கு இனி அனுமதி கிடையாது என்று 2023 மே மாதம் அரசு அறிவித்தது.

சீனாவில் விற்கும் பிராண்டுகள் பற்றிய சண்டையும் இந்த 'எதற்காக'வில்தான் வந்து நிற்கும். பல ஆண்டுகள் சீனாவில் நிலைமை நேர் எதிராக இருந்தது. உள்நாட்டில் தயாரானாலும் இறக்குமதியானாலும் அழகுசாதனப் பொருளுக்கு விலங்குச் சோதனை கட்டாயம். 2014 ஜூன் இறுதியில் உள்நாட்டில் தயாராகும் சாதாரணப் பொருட்களுக்கு விலக்கு வந்தது. 2021 மே மாதம் முதல், உரிய தயாரிப்புத் தரச் சான்றும் பாதுகாப்பு மதிப்பீடும் தந்தால் இறக்குமதியாகும் சாதாரணப் பொருட்களுக்கும் விலக்கு. ஹேர் டை, சன்ஸ்கிரீன் போன்ற 'சிறப்பு' வகைகளுக்கு இந்த விலக்கு கிடையாது.

அப்படியானால் சீனாவுக்காகச் சோதித்த பொருளை ஐரோப்பாவில் விற்கலாமா? 2016 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் பதில் சொன்னது. வேறு நாட்டுச் சட்டத்துக்காகச் சோதனை நடந்திருப்பது மட்டுமே குற்றம் ஆகாது. அந்தச் சோதனை முடிவைக் காட்டி 'பாருங்கள், பாதுகாப்பானது' என்று ஐரோப்பாவில் நிரூபிக்க முயன்றால் விற்க முடியாது. கோப்பில் கிடக்கலாம், சாட்சியாக வரக் கூடாது.

பழைய கணக்கு

இனி அக்கா மகளின் இரண்டாவது கேள்விக்கு வரலாம். தடைச் சட்டங்களில் ஒரு தேதி இருக்கும். அதற்குப் பிறகு செய்யும் சோதனைக்குத்தான் தடை. அதற்கு முன்னால் செய்த சோதனையின் முடிவுகளை யாரும் கிழித்துப் போடவில்லை. இன்றைக்குக் கடையில் இருக்கும் கிரீம்களில் சேரும் பழைய மூலப்பொருட்களில் பெரும்பாலானவை எப்போதோ, எங்கேயோ, ஏதோ ஒரு விலங்கின் மேல் சோதிக்கப்பட்டவைதான். புதிதாக ஒரு முயலும் வேண்டாம் என்று இன்று சொல்ல முடிவதற்கு, பழைய முயல்களின் பதிவேடு கையில் இருப்பதும் ஒரு காரணம். சங்கடமான உண்மை. கடந்த காலத்தைத் திருத்த எந்தச் சட்டத்தாலும் ஆகாது.

முயல் படமும் பச்சைப் புள்ளியும்

முயல் படம் அரசு முத்திரை இல்லை. தனி அமைப்புகள் தங்கள் நிபந்தனைகளை வைத்துக் கொடுக்கும் சான்று அது. மூலப்பொருள் தருகிறவர்கள்வரை விசாரித்துக் கொடுக்கும் அமைப்புகள் இருக்கின்றன. அப்படிச் சான்று எதுவும் வாங்காமல், தாங்களே ஒரு முயலை வரைந்து போட்டுக்கொள்ளும் கம்பெனிகளும் உண்டு. 'வதையில்லாத' என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் சட்ட விளக்கமே கிடையாது. ஐரோப்பியச் சட்டம் கறாரானது. விலங்குச் சோதனை செய்யவில்லை என்று எழுத வேண்டுமானால், தயாரித்தவரும் மூலப்பொருள் தந்தவர்களும் சோதித்திருக்கவோ சோதிக்கச் சொல்லியிருக்கவோ கூடாது. புதிய அழகுசாதனப் பொருளுக்காக வேறு யாரோ சோதித்த மூலப்பொருளைச் சேர்த்திருக்கவும் கூடாது.

பச்சைப் புள்ளி இன்னொரு விஷயம். அது உள்ளே இருப்பது சைவமா அசைவமா என்பதைப் பற்றியது. சோதனையைப் பற்றி அது எதுவும் பேசாது. அதேபோல முயல் படமும் உள்ளே என்ன இருக்கிறது என்று பேசாது. தேன்மெழுகு, கம்பளி ஆட்டின் ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் இவையெல்லாம் இருக்கும் பொருளுக்கும் முயல் சான்று கிடைக்கலாம், ஏனென்றால் அந்தச் சான்று பார்ப்பது சோதனையை மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் இவ்வளவையும் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டவள், வாங்கிய லிப்ஸ்டிக்கின் பெட்டியை எடுத்து மூலப்பொருள் பட்டியலை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள். கடைசி வரியில் 'சிஐ 75470' என்று இருந்தது. போனில் தேடினாள். கள்ளிச்செடியில் வாழும் கொச்சினீல் என்ற பூச்சியைக் காயவைத்து அரைத்து எடுக்கும் சிவப்பு, கார்மைன். எங்கள் வீட்டில் முட்டைகூடச் சாப்பிடாதவள் அவள் ஒருத்திதான். பெட்டியில் இருந்த முயலையும் அந்த எண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கடை எத்தனை மணி வரைக்கும் சித்தி?" என்றாள்.